மூன்று கோடுகள்

ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்த கார்.
கப்பலேறி நியூசிலாந்து வந்து
மூன்றாவது கையாக எங்களிடம் சேர்ந்தது.
இரவெல்லாம் சார்ஜ் ஏற்றினால்
தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர் என்று காட்டும்.
அது அதன் ஆசை.
உண்மையைக் காற்றைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

டிமருவிலிருந்து க்ராம்வெல்
மற்றவர்களுக்கு மூன்றரை மணி நேரம்.
நாங்கள் இரண்டு நாள் ஒதுக்கியிருந்தோம்.
பின்சீட்டில், பெல்ட் மாட்டி, ஒரு ட்யூபா.
பன்னிரண்டு வருஷத்துக்கு முன்
நாலே நாளைக்கு என்று ஹெமி இரவல் வாங்கியது.
"அதை இறக்கிவிட்டால் மூன்று கிலோமீட்டர் கூடும்" என்றேன்.
"அதைக் கொடுக்கத்தானே போகிறோம், லோர்னா."

ஹீட்டர் போடக் கூடாது. அது சட்டம்.
மடியில் வெந்நீர்ப் பை,
காலில் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை.
எங்கள் மூச்சே கண்ணாடியில் படிய
துடைத்துத் துடைத்து
ஓமராமா தாண்டினோம்.

லிண்டிஸ் கணவாய் ஏற்றம்.
இருபுறமும் சரிவு முழுக்கக் காய்ந்த புல்,
சுட்ட ரொட்டியின் நிறத்தில்.
ஊர் ஊராக வந்து படம் பிடிக்கிறார்கள்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த எண்.
எழுபது. அறுபத்தொன்று.
ஒரு வளைவு. ஐம்பத்திரண்டு.
ஒன்று போனால் இரண்டு கழிகிறது,
எந்தப் பள்ளியில் படித்த கணக்கோ.
லாரி ஒன்று ஹாரன் அடித்துக் கடந்தது.
கம்பிகளுக்கிடையே முகம் நீட்டி
அத்தனை செம்மறிகளும்
எங்களைப் பார்த்தபடியே மேலே போயின.

அப்போது கார் பேசியது.
எப்போதும் பேசும் அதே பெண் குரல்,
ஜப்பானிய மொழியில், மிக மரியாதையாக,
அதே ஒரு வாக்கியம்.
"பேட்டரி சாகிறதாம்" என்றேன்.
"கதவு சரியாக மூடலையாம்."
"உனக்கு எப்பவும் கதவுதான்."
"உனக்கு எப்பவும் சாவுதான்."
இப்படியே உச்சி வந்துவிட்டது.
முப்பத்தொன்று.

இறக்கத்தில் ஹெமி காலை எடுத்தான்.
சக்கரம் சம்பாதிக்கத் தொடங்கியது.
முப்பத்திரண்டு. முப்பத்து நான்கு.
வாங்கிய கடனை
மலை சில்லறையாகத் திருப்பித் தந்தது.
முப்பத்தெட்டோடு கையை மூடிக்கொண்டது.
டாரஸ் ஊருக்கு இன்னும் நாற்பத்தொன்று.

பிறகு எதிர்காற்று.
முன்னால் வந்து நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும் காற்று.
ரேடியோவை அணைத்தோம்.
பேச்சையும் அணைத்தோம், அது எதற்கென்று தெரியவில்லை.
இருபது, பதினொன்று, எட்டு.
அப்புறம் எண்ணே இல்லை:
மூன்று சின்னக் கோடுகள்.
சொல்ல வெட்கப்பட்டு
உதட்டைக் கடித்துக்கொண்ட மாதிரி.

வேலியோரம் ஒரு தகரக் கொட்டகை.
உள்ளே விளக்கு, உரோமக் கட்டுகள், நாய்கள்.
மார்கி டன்லப் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.
காரைப் பார்த்தாள். ட்யூபாவைப் பார்த்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
"கத்தரிப்பு மெஷின் ப்ளக்கைப் பிடுங்கிக்கோங்க,
மூணு மணி நேரம் ஆகும்."

தேநீர் ஊற்றியது கனாகோ,
ஒஸாகாவிலிருந்து
இந்த ஒரு பருவத்துக்கு உரோமம் பிரிக்க வந்தவள்.
ஹெமி அந்த வாக்கியத்தை ஒப்பித்தான்.
இரண்டு வருஷம் கேட்ட மனப்பாடம்.
அவள் முதலில் அவன் உச்சரிப்புக்குச் சிரித்தாள்.
பிறகு அர்த்தத்துக்கு.

"நெடுநேரமாக ஓட்டுகிறீர்கள்.
கொஞ்சம் ஓய்வெடுக்கலாமே?"

நான் ஹெமியைப் பார்க்கவில்லை.
அவன் கதவைப் பார்த்தான்.

கரண்டுக்குக் காசு வேண்டாம்,
அதை ஊதிக் காட்டு என்றாள் மார்கி.
அவனுக்கு ஒரு பாட்டுதான் தெரியும், அதுவும் பாதி.
தகரம் அதிர்ந்தது. நாய்கள் எழுந்து வெளியே போயின.
பாதியோடு நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஊதினான்.

இருட்டியபின் போய்ப் பார்த்தேன்.
கோடுகள் இருந்த இடத்தில் முப்பத்தெட்டு.
டாரஸ் இருபத்தாறுதான்.
உள்ளே வந்து சொன்னேன்.
"அப்படியா" என்றான் ஹெமி.
கோப்பையை நீட்டினான்,
கனாகோ இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.